கேட்காத இரவலர்கள்

ஆளுயரக் கடிகாரம் ஒன்றுக்கு அடியில், தரைப்பலகைகளுக்குக் கீழே ஒரு வீடு. கூடத்தில் விரித்திருக்கும் கம்பளம் சிவப்பு மையொற்றுத் தாள். எதைச் சிந்தினாலும் தானே உறிஞ்சிக்கொள்ளும், துடைக்கிற வேலை மிச்சம். சுவரில் மாட்டிய படங்கள் எல்லாம் விக்டோரியா ராணியின் தலை பதித்த தபால்தலைகள். தீப்பெட்டிகளை ஒட்டி அடுக்கிச் செய்த இழுப்பறைகள். மகளுக்குத் தனியறை உண்டு, அது சுருட்டுப் பெட்டியால் ஆனது. எலி வராமலிருக்க வழியெல்லாம் கதவுகள். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் ஊக்கு. குடியிருப்பவர்கள் அப்பா பாட், அம்மா ஹோமிலி, பதின்வயது மகள் அரியெட்டி. மூவரும் பென்சில் உயரம். மேலே வாழும் மனிதர்களுக்கு இந்தக் குடித்தனம் பற்றி எதுவும் தெரியாது.

மேரி நார்ட்டன் 1952இல் எழுதிய 'தி பாரோவர்ஸ்' நாவலின் வீடு இது. அந்த ஆண்டுக்கான கார்னகி பதக்கத்தை அது பெற்றது. நார்ட்டனுக்குச் சிறுவயதிலேயே கிட்டப்பார்வை. மற்ற பிள்ளைகள் தொலைவில் பறக்கும் பருந்தைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் வேலியோரத்துப் புல்லையும் வேரையும் மூக்கு உரசப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேர்களுக்கு நடுவே நம்மைப் போலவே கைகால் உள்ள ஒருவர் பிழைப்பு நடத்தினால் என்ன பாடுபடுவார் என்ற கற்பனையிலிருந்துதான் இந்தக் கதை முளைத்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். நூல் வந்த காலத்தில் பிரிட்டனில் போர்க்காலப் பங்கீடு முழுதாக முடிந்திருக்கவில்லை. 1954 வரை அது நீடித்தது. ஒரு உருளைக்கிழங்குத் துண்டையும் பாதி ஊசியையும் பொக்கிஷமாகப் பார்க்கும் குடும்பத்தை அந்த வாசகர்கள் அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார்கள்.

தலைப்பைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒரு சுவாரசியம். பணம் வாங்கினால் கடன், பொருள் வாங்கினால் இரவல். 'இரவல்காரர்கள்' என்று பெயர்த்தால் பொருள் சரியாகவே அமைகிறது. ஆனால் இரவலுக்கு வேர்ச்சொல் இரத்தல், அதாவது கேட்டுப் பெறுதல். சங்கப் பாடல்களில் இரவலரும் புரவலரும் இணைபிரியாத சோடி. ஒருவர் கேட்பவர், மற்றவர் கொடுப்பவர். பாட் குடும்பம் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. எடுத்துக்கொள்கிறது. அதைத் திருட்டு என்று சொன்னால் அரியெட்டிக்குக் கோபம் வரும். தங்கள் கூட்டத்தில் ஒருவர் பொருளை இன்னொருவர் எடுத்தால்தான் அது திருட்டு. மனிதர்கள் இருப்பதே தங்களுக்காகத்தான் என்பது அவள் கட்சி. பென்சில் உயரப் பெண் ஒருத்தி மனிதகுலத்தையே தனக்கு வாய்த்த சேமிப்புக் கிடங்காக நினைப்பதில் வேடிக்கை இருக்கிறது. ஆனால் அந்த நினைப்பில்தான் அவர்களுடைய மானமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கத் தொடங்காதவரை அவர்கள் யாருக்கும் கடமைப்பட்டவர்கள் இல்லை. அந்த வீடு அவர்கள் வீடு.

இந்த வகைக் கதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உருவ வேறுபாட்டையே பிடித்துக்கொள்கிறார்கள். சிறியவர் அந்நியர், பெரியவர் உலகம், இடையில் ஒரு குழந்தை பாலம் என்று விளக்கம் போகும். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் உயரத்தைவிடக் கொடுக்கல் வாங்கல்தான் கதையை நகர்த்துகிறது. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், கொடுத்தபின் அந்த வீடு யாருடையதாகிறது? குட்டி மனிதர்களை மிதித்துவிடும் கால்களைவிட, ஏந்திக்கொள்ள வரும் உள்ளங்கைகளே இந்த நூல்களில் அதிகம் கெடுதல் செய்கின்றன.

பாட் மனிதக் கண்ணில் படும் காட்சியைப் பாருங்கள். பொம்மைத் தேநீர்க் கோப்பை ஒன்றை ஒரு கையில் பிடித்தபடி திரைச்சீலையில் இறங்கிக்கொண்டிருக்கிறார். கட்டிலில் நோயாளிச் சிறுவன். அவன் அலறவில்லை, அடிக்கவும் இல்லை. எழுந்து வந்து கோப்பையை வாங்கிக்கொள்கிறான்; பாட் இரண்டு கையாலும் பிடித்து இறங்கியதும் திருப்பிக் கொடுக்கிறான். இவ்வளவு நல்ல பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் வீட்டில் இடிந்துபோய் உட்கார்கிறார். 'பார்த்துவிட்டார்கள்' என்பது அந்தக் குடும்பத்தில் சாவுச் செய்திக்குச் சமம். அப்படிப் பார்க்கப்பட்ட மைத்துனர் குடும்பம் ஏற்கெனவே வீட்டைக் காலி செய்துகொண்டு வயல்வெளியில் வளைக்கரடி தோண்டிய பொந்துக்குப் போய்விட்டது. அதை அவர்கள் புலம்பெயர்தல் என்றே சொல்கிறார்கள்.

அந்தச் சிறுவன் யார்? இந்தியாவில் வளர்ந்தவன். கீல்வாதக் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தேற, அத்தைப்பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். இரண்டு மொழிகளோடு வளர்ந்ததால் ஆங்கிலம் வாசிக்கத் திணறுகிறான். அரியெட்டிக்கோ வாசிப்பு தண்ணீர் பட்ட பாடு. ஆகவே ஒரு பண்டமாற்று நடக்கிறது: அவள் அவனுக்குப் புத்தகம் வாசிக்கிறாள், அவன் அவளுடைய கடிதத்தை மாமா வீட்டுப் பொந்துக்குக் கொண்டுபோகிறான். நாவலில் இதைவிடச் சமமான உறவு வேறில்லை. இருவருமே அந்த வீட்டுக்கு முழுதாகச் சொந்தமில்லாதவர்கள். மேல்மாடியில் ஒருவன் வெள்ளைக்காரப் பிள்ளையாக இருந்தும் ஊருக்குப் பொருந்தாமல் படுத்திருக்கிறான். தரைக்கடியில் ஒருத்தி தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தும் கணக்கில் இல்லாமல் இருக்கிறாள்.

இந்த நட்பின் நடுவில் அவன் ஒரு குண்டைப் போடுகிறான். உலகத்தில் மனிதர்கள் ஏராளம், தான் கண்ட கூட்டங்களுக்குக் கரை கிடையாது. உன் இனத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாய், ஒருவேளை நீதான் கடைசியோ என்று கேட்கிறான். பெரும்பான்மையில் பிறந்தவன் எண்ணிக்கையைக் காட்டிப் பேசுகிறான். அரியெட்டி அழுகிறாள். நாவலின் முதல் சில பக்கங்களில், அநேகர் தாண்டிப் போய்விடும் ஒரு தகவல் இருக்கிறது. கதை சொல்லும் மிஸஸ் மே என்ற முதிய பெண்மணி இந்தச் சிறுவனின் அக்கா. அவன் வளர்ந்து படையில் கர்னலாகி, வடமேற்கு எல்லைப்புறத்தில் செத்துப்போனான் என்று அவர் சொல்கிறார். அதாவது, தான் தங்கிய வீட்டின் தரைக்கடியில் இன்னொரு மக்கள் வாழ உரிமை உண்டு என்று ஒரு கோடைக்காலத்தில் கற்றுக்கொண்ட பையன், பிறகு பிறர் மண்ணைக் காக்கும் பேரரசின் துப்பாக்கியாகிப் போய்ச் சேர்ந்தான். நார்ட்டன் இதற்கு ஒரு வரிகூட வியாக்கியானம் எழுதவில்லை. சுவரிலிருக்கும் தபால்தலை ராணியை இங்கே இன்னொரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

கேடு வருவது அவன் கொடுக்க ஆரம்பித்த பிறகு. ஒருநாள் திருப்புளியால் தரைப்பலகையை நெம்புகிறான். கீழே அது அவர்கள் வீட்டுக் கூரை. கூரை பெயர்ந்து, மேலே ஒரு பெரிய முகம். கையில் பொம்மை வீட்டு அலமாரி! ஹோமிலிக்கு நடுக்கம் நின்றதும் ஆசை பிறக்கிறது. அடுத்து நாற்காலி, பிறகு வெள்ளிச் சாமான், கண்ணாடி அலமாரியிலிருந்து அழகுப் பொருள்கள். பாட் மேலே ஏறிக் கொண்டுவந்தவரை காணாமல் போனது ஊசியும் ஊக்கும்தான், யாரும் தேடவில்லை. இப்போது வீட்டு வேலைகளைக் கவனிக்கும் மிஸஸ் டிரைவர் தேட ஆரம்பிக்கிறாள். கண்டுபிடிக்கிறாள். எலிபிடிப்பவன் வருகிறான். தப்பிக்க வழிசெய்து தருவதும் அந்தச் சிறுவன்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தப்ப வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது அவன் வள்ளல்தனம். 2010இல் இக்கதையை ஜிப்லி நிறுவனம் தோக்கியோவின் மேற்கே உள்ள கொகானெய்க்கு மாற்றிப் படமாக்கியபோது, இயக்குநர் யோனெபயாஷி ஹிரோமாசா இதை ஒரே காட்சியில் முடித்தார். பையன் அவர்களுடைய சமையலறையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, பொம்மை வீட்டின் பளபளப்பான சமையலறையை அங்கே செருகுகிறான். அவனுக்கு அது அன்பளிப்பு. கீழே நிற்பவர்களுக்குப் பூகம்பம்.

குட்டி மனிதர்கள் என்றே எழுதிவருகிறேன், காரணம் உண்டு. நம் பழைய சிறுவர் நூல்கள் 'சித்திரக் குள்ளர்கள்' என்றே எழுதின. அந்தச் சொல் தெருவில் உயரம் குறைந்த மனிதர்கள்மீது எறியப்படும் சொல்லும்கூட. இரண்டும் வேறு வேறு என்று கை கழுவிவிட முடியாது. சார்லஸ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்கச் சிறுவனை 'ஜெனரல் டாம் தம்' என்று பெயரிட்டு ஊர் ஊராகக் காட்டிய பி. டி. பார்னம், 1844இல் அவனை விக்டோரியா ராணிக்கு முன்பும் நிறுத்தினார். அப்போது அவனுக்கு வயது ஆறு. சிறிய உடலைக் கண்டதும் சீட்டு விற்கத் தோன்றும் அந்தப் புத்தி, இந்தக் கதைகளின் வில்லன்கள் எல்லோருக்கும் உண்டு. பார்னத்துக்கு முன்பே அதை எழுதியவர் ஜோனதன் ஸ்விஃப்ட். 1726இல் வெளிவந்த கலிவரின் பயணத்தில் லில்லிபுட்டில் எல்லாமே நம்முடையதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கலிவர் ஒருவனுக்கு 1,728 பேருடைய சாப்பாடு என்று அந்நாட்டுக் கணக்கர்கள் கனம் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் ஊர் திரும்பும் கலிவர் செய்யும் காரியம் என்ன? அங்கிருந்து கொண்டுவந்த குட்டி மாடுகளைக் காட்டிக் காசு பார்த்து, கடைசியில் 600 பவுனுக்கு விற்றுவிடுகிறான். மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருப்பான், மன்னன் அனுமதிக்கவில்லை. நம் புராணத்து வாலகில்ய முனிவர்கள் கட்டைவிரல் அளவுதான், ஆனால் தங்களைப் பார்த்துச் சிரித்த இந்திரனுக்குப் போட்டியாகக் கருடனையே பிறக்கவைக்கும் தவவலிமை அவர்களுக்கு இருந்தது. ஐரோப்பியச் சிறுவர் நாவலின் குட்டி மனிதர்களுக்குச் சாபம் கொடுக்கவும் தெரியாது.

ஸ்விஃப்ட் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டவர் டி. எச். வைட். இவர் பிறந்தது பம்பாயில், 1906இல். அப்பா காவல்துறை அதிகாரி. 1946இல் வந்த 'மிஸ்ட்ரெஸ் மாஷம்ஸ் ரிப்போஸ்' நாவலில், கலிவரைக் கப்பலில் ஏற்றிவந்த கேப்டன் பிடெல் லில்லிபுட்டுக்குத் திரும்பிப் போய்ச் சிலரைப் பிடித்துவந்து இங்கிலாந்தில் வித்தை காட்டியதாகவும், அவர்கள் தப்பி ஒரு பாழ்மாளிகையின் ஏரித்தீவில் இருநூறு ஆண்டாக ஒளிந்து வாழ்வதாகவும் கதை. மாளிகையின் வாரிசு மரியா, பத்து வயது அநாதை. காப்பாளர்களான ஆசிரியையும் பாதிரியாரும் அவளைப் பிழிந்தெடுக்கிறார்கள். ஒருநாள் அவள் தீவில் இறங்குகிறாள். பாதி அக்ரூட் கொட்டை ஓட்டில், தொட்டிலில் கிடப்பதுபோல் ஒரு குழந்தை. தூக்குகிறாள். தாய் ஓடிவந்து போராடுகிறாள். மரியா இருவரையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்புகிறாள்.

அவளுடைய ஒரே நண்பரான பரம ஏழைப் பேராசிரியர் பார்த்துவிட்டுச் சொல்லும் அறிவுரை, கொண்டுபோய் விட்டுவிடு என்பதே. மரியாவுக்குப் புரியவில்லை: நான் கண்டுபிடித்தது, என் தீவில் இருந்தது, என் சொந்தம். தமிழில் இந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றால் உடைமையாளர். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றால் உறவினர். மரியா முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு வந்து சேரும் தூரம்தான் அந்த நாவல். அது எளிதில் நடப்பதில்லை. திருப்பி அனுப்பி, சமாதானமாகி, பரிசுகள் வாங்கிக் கொடுத்து, ராணிபோல் உணர்ந்து, ஒரு கட்டத்தில் லில்லிபுட் வாலிபன் ஒருவனைப் பொம்மை விமானத்தில் ஏற்றிப் பறக்கவிடுகிறாள். விமானம் விழுந்து அவன் கால் முறிகிறது. அடக்குமுறைக்கு ஆளான பிள்ளை, தனக்குக் கீழே ஆள் கிடைத்ததும் அடக்குமுறையாளராகும் விதத்தை இதைவிடத் துல்லியமாகச் சிறுவர் நூலில் நான் படித்ததில்லை. பின்னால் மரியாவைக் காப்பாளர்கள் அடைத்து வைக்கும்போது, அவளுக்காகப் பாடுபடுபவர்கள் அந்தச் சிறியவர்கள்தான். அவர்கள் கொடுக்க, இவள் வாங்கிக்கொள்கிறாள். அப்போதுதான் சொந்தம் இரண்டாம் பொருளுக்கு வந்து சேர்கிறது.

நார்ட்டன் இந்தப் பிரச்சினையை விடவில்லை. 1961இல் வந்த நான்காம் நூலில் பாட் குடும்பம் ஒரு மாதிரிக் கிராமத்தில் குடியேறுகிறது. அளவுக்கேற்ற வீடுகள், அளவுக்கேற்ற தெரு. பிளாட்டர் என்ற தம்பதி அவர்களைத் திருடிப்போய்ப் பரண் அறையில் அடைத்து, கண்ணாடி முகப்பு வைத்த வீட்டில் காட்சிக்கு வைக்கத் திட்டமிடுகிறது. இவர்கள் பலூன் செய்து பறந்து தப்புகிறார்கள். இது சாகசம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. கிராமத்துக்குத் திரும்பினால் மிஸ் மென்ஸீஸ் என்ற அன்பே உருவான பெண்மணி அவர்களுக்காக வீட்டைப் புதுப்பித்து, விளக்கும் வெதுவெதுப்பும் செய்து வைத்திருக்கிறார். பாட் சுற்றிப் பார்க்கிறார். கிளம்பலாம் என்கிறார். பிளாட்டரின் கண்ணாடி வீட்டுக்கும் இதற்கும் பாட் கணக்கில் நோக்கம்தான் வேறு. யாரோ பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த வீட்டில் தனக்கு வேலையில்லை என்று ஒரு தச்சனின் மனத்தோடு அவர் முடிவு செய்கிறார். அன்பை மறுப்பது நன்றிகெட்டதனம் என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

சிறியவர்கள் எல்லோரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்ற மயக்கமும் வேண்டாம். கடிகாரத்தடியில் வாழ்ந்தவர்கள் கிளாக் குடும்பம். கணப்படுப்பு மாடத்துக்கு மேலே வாழ்ந்தவர்கள் ஓவர்மான்டல் குடும்பம், அவர்களுக்கு அந்த உயரத்தின் திமிர். முகவரியே குலப்பெயர். இரண்டாம் நூலில் வரும் ஸ்பில்லர் வயலில் அலைபவன், கறுத்தவன், எலித்தோல் போன்ற உடை, தாய்தந்தை பேர் தெரியாதவன். ஹோமிலி அவனைக் கண்டாலே மூக்கைச் சுளிக்கிறாள். ஆனால் இறைச்சி கொண்டுவருபவனும், ஒவ்வொரு முறையும் உயிர்காப்பவனும் அவன்தான். தரைக்கடியில் இருந்தவரை தாங்கள்தான் அந்நியர் என்று ஒருபோதும் உணராத ஹோமிலிக்கு, வெளியே வந்த முதல் வாரத்திலேயே கீழே பார்க்க ஓர் அந்நியன் தேவைப்பட்டுவிட்டான். டெர்ரி பிராட்செட் 1989இல் 'டிரக்கர்ஸ்' நாவலில் இதைப் பெரிதாக்கி நகைச்சுவையாக்கினார். ஒரு பல்பொருள் அங்காடிக்குள் பல தலைமுறை வாழ்ந்த நான்கங்குல மக்கள், வெளி என்று ஒன்று இல்லவே இல்லை என்று நம்புகிறார்கள். எழுதுபொருள் பகுதியில் வாழ்பவர்களே அவர்களுக்குப் புரோகிதர்கள். வெளியிலிருந்து பசியோடு லாரியில் வந்து இறங்கும் மாஸ்க்லின் எதிரே நிற்கும்போது, இல்லாத இடத்திலிருந்து ஒருவன் வர முடியாதென்பதால் தலைமைக் குரு அவனைப் பார்க்க மறுக்கிறார். கண்ணெதிரில் நிற்பவனைக் கொள்கைப்படி காணாமலிருப்பது ஒன்றும் அந்த அங்காடியோடு முடிந்த பழக்கமில்லை.

இந்த வரிசையில் மிகக் கனமான நூல் ஜப்பானில் எழுதப்பட்டது என்பேன். இனுய் தொமிகோ 1959இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் 'தி சீக்ரெட் ஆஃப் தி ப்ளூ கிளாஸ்' என்ற பெயரில் 2015இல் கிடைத்தது. ஆங்கிலேய ஆசிரியை ஒருவர் நாடு திரும்புமுன், தன் மாணவனான மொரியாமா சிறுவனிடம் ஒரு கூடையை ஒப்படைக்கிறார். உள்ளே இங்கிலாந்தின் குட்டி மனிதர்கள் இருவர், பால்போவும் ஃபெர்னும். ஒரே நிபந்தனை: தினமும் நீலக் கண்ணாடிக் குவளையில் பால் வைக்க வேண்டும். சிறுவன் வளர்ந்து குடும்பஸ்தனாகிறான். புத்தக அலமாரியின் உச்சியில் அந்தக் குடும்பமும் பெருகுகிறது. ராபின், ஐரிஸ் என்று இரண்டு பிள்ளைகள், ஜப்பானிலேயே பிறந்தவர்கள். பால் வைக்கும் பொறுப்பு அந்த வீட்டின் சிறுமி யூரிக்கு வருகிறது. பிறகு போர். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் பேய்கள், மிருகங்கள் என்று சுவர்தோறும் முழக்கம். அப்பா மாற்றுக்கருத்துக்காகக் கைதாகிறார். அண்ணன் தேசபக்தியில் கொதிக்கிறான். பாலோ கைக்குழந்தைகளுக்கே இல்லை.

ஒரு குவளைப் பால்தான். ஆனால் இப்போது அது எதிரி நாட்டவனுக்கு ஊற்றும் பால். ஊரில் குழந்தைகள் மெலிந்துகொண்டிருக்க, அலமாரி உச்சியில் இருப்பவர்களுக்கு ஏன் என்று அண்ணன் கேட்பதில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியுமா? இனுய் அந்தக் கேள்வியை மழுப்பாமல் யூரியின் கையில் கொடுக்கிறார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைப்பகுதிக்கு இடம்பெயர்கிறாள், பாலுக்கு அலைகிறாள், நோயில் விழுகிறாள், சில நாள் குவளை காலியாகவே இருக்கிறது. போரைப் பற்றி எத்தனையோ சிறுவர் நூல்கள் குண்டையும் தீயையும் காட்டியிருக்கின்றன. பெரியவர்களின் தேசம் ஒரு சிறுமியின் சின்ன வாக்குறுதிக்குள் நுழைந்து அதைத் துரோகம் என்று பெயர் மாற்றுவதை இந்தக் காலிக் குவளை காட்டுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. காட்டோரத்தில் ராபினும் ஐரிஸும் ஜப்பானியச் சிற்றுயிர் ஒன்றோடு சிநேகமாகிறார்கள். இங்கிலாந்தைப் பார்த்தேயிராத ஆங்கிலேயப் பிள்ளைகள் அவர்கள். பெற்றோர் கூடைக்குள் பத்திரமாக வைத்திருந்த தாயகம் அவர்களுக்குக் கேள்விப்பட்ட கதை மட்டுமே. அவர்களுக்குத் தெரிந்த மண் இதுதான். அந்த மண் அவர்கள் பெற்றோரைப் பகைவர் என்கிறது.

அதே 1959இல் சாத்தோ சாத்தொரு எழுதிய இன்னொரு நூலும் வந்தது. யாரும் அறியாத ஒரு குட்டி நாடு என்பது போன்ற தலைப்பு. இந்த இரண்டிலிருந்துதான் நவீன ஜப்பானியச் சிறுவர் மிகைபுனைவைத் தொடங்குவது அங்கே வழக்கம். ஓடையில் மிதந்துபோகும் சிவப்புச் செருப்புக்குள்ளிருந்து கடுகுபோல் ஒரு கை அசைவதைச் சிறுவயதில் பார்த்தவன், போர் முடிந்து வளர்ந்து அந்தக் குன்றுக்குத் திரும்புகிறான். குன்றைக் குத்தகைக்கு எடுக்கிறான், குடிசை போடுகிறான். அவனாக யாரையும் தேடிப் பிடிப்பதில்லை. அவர்கள் அவனை நெடுநாள் கவனித்துவிட்டு, இவன் பரவாயில்லை என்று தாங்களாக வெளியே வருகிறார்கள்.

அந்தக் குட்டி மனிதர்களுக்கு சாத்தோ கொடுத்த பெயர் கொரொபொக்குரு. அது ஐனு மக்களின் வாய்மொழிக் கதையிலிருந்து வந்தது. அகன்ற இலைச் செடியொன்றின் கீழ் வாழ்பவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஐனு மக்களோ ஜப்பானின் வடக்கே தங்கள் மண்ணையும் மொழியையும் பறிகொடுத்தவர்கள். 2019இல்தான் ஜப்பானியச் சட்டம் அவர்களைப் பூர்வகுடி என்று எழுதியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மானிடவியலாளர் ட்சுபோய் ஷோகொரோ, ஜப்பானில் கற்காலத்தில் வாழ்ந்தவர்கள் இந்தக் கொரொபொக்குருதான் என்றும் ஐனுக்கள் பின்னால் வந்தவர்கள் என்றும் வாதாடினார். மண்ணுக்கு முதலில் வந்தது யார் என்ற சண்டையில், கதையில் மட்டுமே வாழும் மக்களைக்கூடச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள்.

ஐனுக் கதையில் கொடுப்பவர்கள் சிறியவர்கள். இரவில் வருவார்கள். சாளரத்துக்குள் ஒரு கை நீளும். அதில் மீனோ மான் இறைச்சியோ இருக்கும். வாங்கிக்கொண்டால் கை மறைந்துவிடும். முகத்தை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. ஒரு இளைஞனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஓர் இரவு நீண்ட கையைப் பற்றி உள்ளே இழுத்தான். வந்தது ஒரு பெண், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தாள். மறுநாளிலிருந்து சாளரத்துக்கு யாரும் வரவில்லை.